எண்களை மறைத்துவிட்டுக் கணக்கைப் படியுங்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வை எழுதப் போகும் நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "குவான்ட் பிரச்சினை இல்லக்கா, வெர்பலுக்குத்தான் பயமா இருக்கு." குவான்ட் என்பது கணிதப் பகுதி, வெர்பல் ஆங்கில மொழிப் பகுதி. காரணம் புரிகிறது. லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியர் தொடரும் போட்டுத் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கண்டு ஏன் பயம் வர வேண்டும்? தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிடுகிறது: எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு, அவ்வளவுதான். முக்கோணவியல் கிடையாது, நுண்கணிதம் கிடையாது.

அப்புறம் முதல் மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எழுதுகிறார்கள். 170-க்கு எதிர்பார்த்த 168, 169 வருவதில்லை. 157, 158 என்று வருகிறது. தவறாகப் போன கேள்விகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாக்கியக் கணக்குகள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரி, அதற்குள் சில எண்கள், கடைசியில் ஒரு கேள்வி. சமன்பாட்டை நேராகக் கொடுத்தால் அரை நிமிடத்தில் தீர்த்துவிடும் பிள்ளைகள், அதே சமன்பாடு ஒரு கதைக்குள் இருந்தால் தடுமாறுகிறார்கள். கேட்டால் "சில்லி மிஸ்டேக்" என்பார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதே இல்லை. ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வந்தால் படிக்கும் முறையிலேயே ஏதோ பழக்கம் ஊறியிருக்கிறது என்று பொருள். பழக்கம் என்றால் மாற்ற முடியும். இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் எங்கள் கல்லூரி ஜூனியர்களுக்கும், அவர்கள் கூட்டிவரும் நண்பர்களுக்கும் குவான்ட் சொல்லித் தருகிறேன். கட்டணம் எதுவும் இல்லாததால் பாடத்தை முடிக்கும் அவசரமும் இல்லை. ஒரே கணக்கை ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

முதலில் தேர்வின் நேரக்கணக்கு. 2023 செப்டம்பரில் ஜிஆர்இயைச் சுருக்கினார்கள். இப்போது மொத்தத் தேர்வும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கணிதத்தில் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம். முதல் பிரிவை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது பிரிவின் கடினம் அமையும். ஆகவே முதல் 12 கேள்விகளில் வாக்கியக் கணக்குகளைத் தவறவிட்டால், அதன் விளைவு அந்தக் கேள்விகளோடு நிற்பதில்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வை எழுதுகிறவர்களுக்குக் கணிதத்தில் 21 கேள்வி, 45 நிமிடம்; குவான்ட் பகுதியில் கால்குலேட்டரும் கிடையாது. புதிய ஜிமேட்டில் வடிவியலை எடுத்துவிட்டதால் வாக்கியக் கணக்குகளிடமிருந்து தப்பிக்கவே வழியில்லை.

அந்த ஒன்றேமுக்கால் நிமிடம் என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கேள்வி திரையில் வந்ததும் கண் நேராக எண்களுக்குப் போகிறது. 40, 15, 20. கை உடனே பெருக்கத் தொடங்குகிறது. என்ன நடக்கிறது, யார் எங்கே போகிறார்கள், எது கூடுகிறது, எது குறைகிறது என்பது மனதில் ஏறுவதற்கு முன்பே ஒரு விடை வந்துவிடுகிறது. அந்த விடை கொடுக்கப்பட்ட நான்கைந்து விடைத் தெரிவுகளில் ஒன்றாக இருந்துவிட்டால் போதும், நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். தவறான வழியில் போனால் என்ன விடை வரும் என்பதைக் கேள்வி எழுதியவர் யோசித்துத்தான் அந்தத் தெரிவுகளை வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 40 கிலோ உப்புக் கரைசல் இருக்கிறது. எடையில் 15 சதவீதம் உப்பு. தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. உப்பின் விகிதம் 20 சதவீதம் ஆக வேண்டுமென்றால் எத்தனை கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும்?

எண்களைப் பிடித்து ஓடுகிறவர்கள் "15-லிருந்து 20, வித்தியாசம் 5 சதவீதம், 40-இல் 5 சதவீதம் 2 கிலோ" என்று முடித்துவிடுவார்கள். நான் செய்யச் சொல்வது இது. எண்களையெல்லாம் மறைத்துவிடுங்கள். மிச்சமிருப்பதைத் தமிழில், வீட்டில் பேசுகிற தமிழில், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். "உப்புத் தண்ணி இருக்கு. காயுது. தண்ணி மட்டும்தான் போகுது, உப்பு அப்படியே இருக்கு. அதனால முன்னைவிட அதிகமா கரிக்குது. எவ்வளவு தண்ணி போச்சுன்னு கேக்குறாங்க." இதைச் சொல்லி முடித்தால் கணக்கு பாதி முடிந்துவிட்டது. "உப்பு அப்படியே இருக்கு" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். உப்பு எவ்வளவு? 40-இல் 15 சதவீதம், 6 கிலோ. கடைசியிலும் அதே 6 கிலோதான். இந்த 6 கிலோ எந்த எடைக்கு 20 சதவீதம்? 30 கிலோவுக்கு. போன தண்ணீர் 10 கிலோ. சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

கலவைக் கணக்கு, வயதுக் கணக்கு, விலைக் கணக்கு என்று தனித்தனியாகப் பெயர் வைத்துப் படிப்பதைவிட, "இந்தக் கதையில் மாறாமல் இருப்பது எது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுவது நல்லது. ஆவியாகும் கரைசலில் உப்பு மாறாது. வயதுக் கணக்கில் இருவருடைய வயது வித்தியாசம் எத்தனை ஆண்டு போனாலும் மாறாது. போய்த் திரும்பும் கணக்கில் தூரம் மாறாது. மாறாத ஒன்றைப் பிடித்துவிட்டால் சமன்பாட்டின் நடுவில் சமக்குறி எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பள்ளியில் வாக்கியக் கணக்கை "எக்ஸ் என்க" என்றுதான் தொடங்குவோம். அடுத்த வரி "கணக்கின்படி". இந்த இரண்டு வரிகளையும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடமாக எழுதினோம். கல்லூரிக்கு வந்ததும் விட்டுவிட்டோம். அந்தப் பழக்கத்தை மீண்டும் கொண்டுவரச் சொல்கிறேன், ஒரு திருத்தத்தோடு. எக்ஸ் என்பது என்ன என்று முழுதாக எழுத வேண்டும். "எக்ஸ் = பேனா" என்று எழுதினால் போதாது. பேனாவின் எண்ணிக்கையா, ஒரு பேனாவின் விலையா, பேனாக்களுக்குக் கொடுத்த மொத்தப் பணமா? "எக்ஸ் = வாங்கிய பேனாக்களின் எண்ணிக்கை." நான்கு நொடிதான் ஆகும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்தது. 1980-களின் தொடக்கத்தில் வெளியானது. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்; மாணவர் எண்ணிக்கைக்கு எஸ், பேராசிரியர் எண்ணிக்கைக்கு பி என்று வைத்து இதைச் சமன்பாடாக எழுதுக. அவ்வளவுதான் கேள்வி. 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலானோர் எழுதிய தவறு, "6 எஸ் = பி". சரியானது "எஸ் = 6 பி".

பொறியியல் படிக்க வந்தவர்களுக்கு ஏன் இப்படி ஆனது? இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையிலேயே (ஆறு மடங்கு, மாணவர்கள், பேராசிரியர்கள்) சமன்பாட்டையும் எழுதிவிடுவது. இன்னொன்று, எஸ் என்ற எழுத்தை எண்ணிக்கையாகப் பார்க்காமல் மாணவர் என்ற ஆளுக்கான அடையாளமாகப் பார்ப்பது. "6 எஸ் = பி" என்று எழுதியவருடைய மனதில் ஒரு படம் இருக்கிறது: ஆறு மாணவர்கள் இந்தப் பக்கம், ஒரு பேராசிரியர் அந்தப் பக்கம். படம் சரியானதுதான். ஆனால் சமன்பாடு படம் அல்லவே. என்னிடம் வருகிற பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கொடுத்துப் பார்க்கிறேன். இதே தவறு அப்படியே வருகிறது. சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. பேராசிரியர் 10 பேர் என்று வைத்தால் மாணவர் 60 பேர் வர வேண்டும். நீங்கள் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். "6 எஸ் = பி" என்பதில் எஸ் 60 என்றால் பி 360 ஆகிவிடும். ஐந்து நொடியில் தவறு வெளியே வந்துவிடும்.

சதவீதக் கணக்கில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் "எதில்?" என்று கேட்க வேண்டும். ஒருவருடைய சம்பளம் இன்னொருவருடையதைவிட 25 சதவீதம் அதிகம். அப்படியானால் இரண்டாமவர் சம்பளம் முதலாமவருடையதைவிட எத்தனை சதவீதம் குறைவு? 25 என்று சொல்லத்தான் வாய் வரும். இரண்டாமவர் 100 என்று வையுங்கள், முதலாமவர் 125. வித்தியாசம் அதே 25-தான். ஆனால் இப்போது அதை 125-இல் பார்க்க வேண்டும், 20 சதவீதம். விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 100 ரூபாய்ப் பொருள் 96-க்கு வந்து நிற்பதும் இதனால்தான். ஏற்றியது 100-இல், குறைத்தது 120-இல். கணக்கில் தொகையே கொடுக்காதபோது 100 என்று வைத்துக்கொள்வதைச் சிலர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. விடை தொகையைப் பொறுத்தது அல்ல என்பதைப் புரிந்துகொண்டுதான் அப்படி வைக்கிறோம்.

அடுத்தது, கேட்டது ஒன்று, கண்டுபிடித்தது ஒன்று என்று ஆவது. ஒரு இயந்திரம் ஒரு வேலையைத் தனியாக 6 மணி நேரத்தில் முடிக்கும், இன்னொன்று 12 மணி நேரத்தில். முதல் இயந்திரம் தொடங்கி 2 மணி நேரம் ஓடிய பிறகு இரண்டாவதையும் சேர்க்கிறார்கள். வேலை தொடங்கியதிலிருந்து முடிய மொத்தம் எவ்வளவு நேரம்? முதல் 2 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. மிச்சம் மூன்றில் இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும், அதாவது நான்கில் ஒரு பங்கு செய்யும். மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுத்தால் மூன்றில் எட்டு மணி, 2 மணி 40 நிமிடம். கணக்கில் கடினமான பகுதி இதுதான் என்பதால், இது வந்ததும் மனம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. விடைத் தெரிவுகளில் 2 மணி 40 நிமிடமும் கட்டாயம் இருக்கும். கேட்டதோ தொடக்கத்திலிருந்து: 4 மணி 40 நிமிடம். இதற்கு ஒரே மருந்து, முதலிலேயே கடைசி வரியைப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்பதை ரஃப் தாளின் மூலையில் எழுதிவிடுவது. "மொத்த நேரம், தொடக்கத்திலிருந்து." விடையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த மூலையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒன்றோடொன்று வெட்டும் இரண்டு வட்டங்களாக (வென் படம்) வரைந்து போடும் கணக்குகளிலும் இதே கதைதான். 80 பேரில் 55 பேர் காபி குடிப்பார்கள், 38 பேர் டீ, 12 பேர் இரண்டும் இல்லை. ஏதாவது ஒன்றாவது குடிப்பவர்கள் 68. 55-ஐயும் 38-ஐயும் கூட்டினால் 93. ஆக இரண்டும் குடிப்பவர்கள் 25. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் கேள்வி "ஒன்றே ஒன்றை மட்டும் குடிப்பவர்கள்" என்றால் 30-ம் 13-ம் சேர்த்து 43.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: சராசரி. ஜிஆர்இயில் இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்கும் ஒப்பீட்டுக் கேள்விகள் உண்டு. முதலாவது பெரியது, இரண்டாவது பெரியது, இரண்டும் சமம், கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று நான்கு விடைகள். எல்லாக் கேள்விக்கும் இதே நான்குதான். ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 70, மாணவிகளின் சராசரி 80. முதல் அளவு வகுப்பின் சராசரி, இரண்டாவது அளவு 75. எது பெரியது? சமம் என்று தட்டுகிறவர்கள்தான் அதிகம். எத்தனை மாணவர்கள், எத்தனை மாணவிகள் என்று கணக்கு சொல்லவே இல்லை. மாணவிகள் அதிகமென்றால் 80 பக்கம் சாயும், மாணவர்கள் அதிகமென்றால் 70 பக்கம் சாயும். சொல்ல முடியாது என்பதே விடை.

இதைப் புரிந்துகொண்டவருக்குச் சராசரி வேகக் கணக்கும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது. போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், திரும்பும்போது 40, பாதை ஒன்றே. சராசரி வேகம் 50 அல்ல. ஏன்? தூரம் சமம்தான், ஆனால் நேரம் சமம் இல்லை. 40-இல் வரும்போது அதிக நேரம் சாலையில் இருக்கிறோம். ஆகவே சராசரி 40 பக்கம் சாய வேண்டும். கணக்குப் போடும் முன்பே 50-க்குக் கீழே என்று தெரிந்துவிட்டது. தூரம் 120 என்று வைத்தால் போக 2 மணி, வர 3 மணி, 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், 48. இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, இரண்டு வேகங்களின் பெருக்கலை இருமடங்காக்கி அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. அதை மனப்பாடம் செய்தவர்கள், ஒரு மணி நேரம் 60-லும் இன்னொரு மணி நேரம் 40-லும் போனால் என்ன என்று கேட்டாலும் 48 என்கிறார்கள். அங்கே நேரம் சமம், விடை 50. சூத்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைப் போடுகிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

ஷார்ட்கட் பற்றி என் எண்ணம் இதுதான். கோச்சிங் வகுப்புகளில் தரும் ஷார்ட்கட் பட்டியல்களைப் பல பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவை எல்லாம் எந்தச் சூழலில் செல்லுபடியாகும் என்பதைச் சொல்லாமலே கொடுக்கப்படுகின்றன. வங்கித் தேர்வில் ஒரே வார்ப்பில் நூறு கணக்கு வந்தால் அவை உதவலாம். ஜிஆர்இ அப்படி இல்லை. தெரிந்த வார்ப்பில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி வைப்பதுதான் இந்தத் தேர்வின் வழக்கம். அந்த மாற்றத்தைக் கவனித்தீர்களா என்றுதான் சோதிக்கிறார்கள். பட்டியலை நம்பிப் போகிறவர் சரியாக அந்த இடத்தில் விழுகிறார். கடினமாக உழைத்த பிள்ளைகள் இப்படி விழுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சொல்லாமல் விடப்படும் விவரங்களையும் கவனிக்க வேண்டும். ஒருவர் 7 டாலர் பேனாக்களும் 4 டாலர் பென்சில் பெட்டிகளும் வாங்கி, இரண்டிலும் குறைந்தது ஒன்றாவது எடுத்து, மொத்தம் சரியாக 40 டாலர் கொடுத்தார். எத்தனை பேனா? தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்று, ஆகவே முடியாது என்று எழுந்துவிடக் கூடாது. பேனா அரையாக வாங்க முடியாது. 40-லிருந்து 7-இன் மடங்குகளைக் கழித்துக்கொண்டே போனால் 33, 26, 19, 12, 5. இதில் 4-ஆல் வகுபடுவது 12 மட்டும். நான்கு பேனா, மூன்று பெட்டி. முழு எண் என்ற விவரம் வாக்கியத்தில் எங்கும் இல்லை. பொருள் என்ன என்பதிலிருந்து வருகிறது. ஜிமேட்டில் கொடுத்த தகவல் போதுமா என்று கேட்கும் கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

என்னிடம் படித்தவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி, அரசுப் பள்ளி. கணிதத்தில் கூர்மையானவர். ஆங்கில வாக்கியம் நீண்டால் மட்டும் அமைதியாகிவிடுவார். "அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராதுன்றதாலதான் தப்பாகுதா?" என்று ஒருநாள் கேட்டார். பாதிதான் உண்மை என்று சொன்னேன். ஆங்கில வழியில் படித்தவர்களும் அதே கேள்விகளைத்தான் தவறவிடுகிறார்கள். வேகமாகப் படித்துத் தவறவிடுகிறார்கள். மெதுவாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இருக்கும் உங்களுக்கு, அதையே முறையாகச் செய்தால் நன்மை உண்டு என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு கணக்கையும் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதலில் ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. போகப் போக, வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே சொல்லப் பழகினார். நேரம் தானாகக் குறைந்தது.

அப்புறம் அவரையே கணக்கு எழுதச் சொன்னேன். எல்லோருக்கும் இந்தப் பயிற்சியைத் தருகிறேன். ஒரு கணக்கை உருவாக்கும்போதுதான் எந்த விவரம் கட்டாயம் வேண்டும், எதை மறைத்தால் படிப்பவர் இடறுவார் என்பது பிடிபடும். அவர் வீட்டில் மாடு வைத்திருக்கிறார்கள், பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். அதையே எடுத்துக்கொண்டார். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம், எருமைப் பாலில் 7 சதவீதம். 40 லிட்டர் பசும்பாலில் எத்தனை லிட்டர் எருமைப் பால் சேர்த்தால் கலவையில் 5 சதவீதம் வரும்?

சமன்பாடு இல்லாமலே அவர் விளக்கினார். "பசும்பால் ஒவ்வொரு லிட்டரும் 5-லிருந்து 1 குறையுது. எருமைப்பால் ஒவ்வொரு லிட்டரும் 2 கூடுது. கூடுறதும் குறையறதும் சமமாகணும். அப்போ எருமைப்பால் பாதி இருந்தா போதும்கா. 20 லிட்டர்." சரிபார்ப்போம்: 40-இல் 4 சதவீதம் 1.6, 20-இல் 7 சதவீதம் 1.4, இரண்டும் சேர்த்து 60 லிட்டரில் 3, அதாவது 5 சதவீதம். கூடுவதும் குறைவதும் சமமாக வேண்டும் என்ற அந்த ஒரு வரியில் சராசரி என்பதன் சாரம் முழுதும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாணவர், மாணவி சராசரிக் கணக்கையும் 60, 40 வேகக் கணக்கையும் அவரே பாலை வைத்து மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். வேகக் கணக்கில் எது லிட்டர் என்று ஒருவர் கேட்டபோது, "நேரம்தான் லிட்டர்" என்றார். என்னால் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இனி சில நடைமுறை விஷயங்கள். ஜிஆர்இயில் திரையில் வரும் கால்குலேட்டர் மிக எளிமையானது: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், நினைவுப் பொத்தான்கள், எட்டு இலக்கம்தான் காட்டும். சமன்பாடு எழுதி முடிக்கும்வரை அதைத் திறக்கவே வேண்டாம். கால்குலேட்டர் திறந்திருந்தால் எண்களைத் தட்டத்தான் கை போகும். பெரிய பெருக்கல் வருகிறதென்றால் எங்கேயோ சுருக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். இந்தத் தேர்வில் பெரும்பாலும் எண்கள் அழகாகச் சுருங்கும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எதையும் காலியாக விட வேண்டாம். ஒரு பிரிவுக்குள் கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். இரண்டு முறை படித்தும் கதை மனதில் ஏறவில்லை என்றால் குறித்துவிட்டு நகருங்கள். மூன்றாம் முறை அதே பதற்றத்தில் படிப்பதைவிட, மற்றவற்றை முடித்துவிட்டு வந்து படிப்பது மேல்.

பயிற்சிக்கு இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் தேர்வுகள் இருக்கின்றன. உண்மைத் தேர்வின் கேள்வி நடைக்கு அதைவிட நெருக்கமான இலவசப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றைத் தொடக்கத்தில் எழுதி வீணாக்காதீர்கள். ஓரளவு பழகிய பிறகு ஒன்று, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஒன்று. எழுதிய பிறகு தவறாகப் போன ஒவ்வொரு வாக்கியக் கணக்குக்கும் பக்கத்தில், எந்தச் சொற்றொடரைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதுங்கள். தீர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. "தொடக்கத்திலிருந்து", "மட்டும்", "குறைந்தது ஒன்று", "முந்தைய ஆண்டைவிட". கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே உங்கள் கண் எங்கே வழுக்குகிறது என்று தெரியும். பெரும்பாலும் மூன்று நான்கு இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது பல அமெரிக்கத் துறைகள் ஜிஆர்இ மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. விண்ணப்பிக்கும் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்; கட்டணம் சிறியதல்ல. எழுதுவதென்று முடிவானால், மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

தேர்வு மையத்துக்குப் போய் எழுதினால் ரஃப் தாள் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்குச் சாதாரணத் தாளுக்கு அனுமதி இல்லை. ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் அழிக்கக்கூடிய மார்க்கரும், இல்லையென்றால் ஒளி ஊடுருவும் உறைக்குள் வைத்த ஒரு தாளும் மட்டும்தான். மார்க்கர் எழுத்து தடியாக வரும், இடம் உடனே தீர்ந்துவிடும், அவசரத்தில் வேண்டியதையும் சேர்த்து அழித்துவிடுவோம். கடைசி சில வாரங்களாவது பலகையிலேயே போட்டுப் பழகுங்கள். ஒரு பக்கம் கோடு போட்டு ஒதுக்கி, என்ன கேட்டார்கள், எக்ஸ் என்பது என்ன என்ற இரண்டையும் அங்கே எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும்வரை அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டாம்.